அப்பா எத்தனையாவது பக்கம்?

திருவட்டாறு மைக் செட் ஜான்ரோஸ் அதுவரை பட்ட பொறாமையெல்லாம் சாதாரணப் பொறாமைதான். குலசேகரத்தில் புது மிக்சர் வாங்கி இறக்கிய இன்னொரு மைக் செட்காரன் மேல் கொஞ்சம், கல்ஃபிலிருந்து வந்து வீட்டுக்கு மேல் வீடு கட்டிய மச்சான் மேல் கொஞ்சம். இதெல்லாம் ஊரில் எல்லாருக்கும் இருக்கிறது, யாரும் டாக்டரிடம் காட்டுவதில்லை. ஆனால் ஒரு குழந்தைகள் படப் புத்தகத்தைப் பார்த்து மீசை வைத்த ஆம்பிளை ஒருவன் வயிறெரிந்து, சோறு இறங்காமல் எழுந்து கை கழுவியது அந்த வட்டாரத்தில் அதுதான் முதல் தடவை.

புத்தகத்தின் பெயர் ‘நீ வந்த வழி’. அதைக் கொடுத்தது கதைவழித் தெளிவூட்டு வாரியம். தக்கலையில் ஒரு கல்யாணப் பட்டுக்கடையின் மாடியில் வாரியம் இருந்தது. தத்தெடுத்த பிள்ளையிடம் உண்மையை மறைக்கக் கூடாது, சின்ன வயதிலேயே கதைபோலச் சொல்லிவிட வேண்டும் என்று எங்கோ யாரோ நல்ல மனசோடு சொல்லியிருக்கிறார்கள். நல்ல யோசனைதான். நல்ல யோசனை ஒன்று நாதியில்லாமல் திரிந்தால் அதைத் தத்தெடுக்க நம் நாட்டில் ஒரு வாரியம் வந்துவிடும். வந்தது. வாரியம் அச்சடித்த புத்தகத்தை வாரியம் சொன்ன முறைப்படி வாசித்துக் காட்ட வேண்டும். பிறகு பிள்ளை வாரியத்தின் முன்னால் வந்து நின்று, வாரியம் கேட்கிற கேள்விக்கு வாரியம் மனசில் வைத்திருக்கிற பதிலைச் சொல்ல வேண்டும். சொன்னால் தெளிவுச் சான்று. சான்று இருந்தால்தான் தத்துக்கான கடைசி உத்தரவு. இல்லாவிட்டால் ‘பொருத்தமின்மை’ என்று எழுதிப் பிள்ளையைக் குழந்தைகள் இல்லத்துக்கே திருப்பி அனுப்ப வாரியம் சிபாரிசு செய்யலாம்.

ஜான்ரோஸ் வீட்டில் அந்தப் பிள்ளை பெபிஷா. இல்லத்திலிருந்து வந்த புதிதில் யாரிடமும் வாய் திறந்து மிண்டாமல் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். இப்போது ஐந்து வயது. அதே பெட்டிக்கு மேல் ஏறி நின்றுகொண்டு வீட்டை ஆண்டுகொண்டிருந்தாள்.

புத்தகம் வந்த அன்றைக்கு ஜான்ரோஸின் மனைவி ஷெர்லி பிள்ளையை மடியில் இருத்தி வாசித்தாள். முதல் பக்கத்தில் ஒரு மேகம். மேகத்தின் மேல் ரோஸ் சேலையும் பெரிய ஜிமிக்கியுமாக ஒரு பெண், கண்ணில் ஒரு சொட்டு நீர். ‘இவர் உன் வயிற்று அம்மா.’ பக்கத்தைத் திருப்பினால் இன்னொரு பெண். அவள் நெஞ்சில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு சிவப்பு இதயம், அதற்குள் ஒரு குழந்தை கால் நீட்டிப் படுத்திருந்தது. ‘இவர் உன் இதய அம்மா.’

“அம்மா, ஒனக்க இதயத்துக்குள்ள எனக்குக் கட்டில் உண்டா?” என்று பெபிஷா கேட்டாள்.

“கட்டிலும் உண்டு, மெத்தையும் உண்டு மக்களே,” என்று ஷெர்லி அழுதாள். அது சந்தோஷ அழுகை. மூக்கைச் சிந்திக்கொண்டு அந்தப் பக்கத்தையே மறுபடி வாசித்தாள்.

ஜான்ரோஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தன் முறை வரட்டும் என்று இருந்தான். பூனை வந்தது, பூந்தொட்டி வந்தது, பள்ளிக்கூட பஸ் வந்தது. கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு சோபா. சோபாவில் ஒரு விரித்த செய்தித்தாள். செய்தித்தாளுக்குக் கீழே பளபளவென்று ஷூ போட்ட இரண்டு கால்கள்.

“இது ஆரு மக்களே?” என்று கேட்டான்.

பெபிஷா படத்தையும் அவன் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்பா. ஆனா இது ஷூ போட்டிருக்கு. ஒங்களுக்கு ரப்பர் செருப்புல்லா? அப்ப இது நீங்க இல்ல.” பக்கத்தைப் புரட்டிவிட்டாள்.

அன்றைக்குப் பிடித்தது எரிச்சல். ஷெர்லிக்கு ஒரு முழு இதயம் கிடைத்திருக்கிறது, அதனால் ஷெர்லி மேல் பொறாமை. மேகத்துக்காரிக்கு ரோஸ் சேலை, ஜிமிக்கி, ஒரு பக்கம் நிறைய ஆகாயம். அவள் மேல் இன்னும் பொறாமை. பிள்ளையை உண்மையில் பெற்றவள் யாரென்று அவனுக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும் நல்லாயிருக்கட்டும் என்று குடும்ப ஜெபத்தில் அவளையும் சேர்த்துச் சொல்கிறவன்தான் அவன். அவள் மேல் அவனுக்கு ஒன்றும் இல்லை. மேகத்தின் மேல் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறவளைத்தான் சகிக்க முடியவில்லை. பெபிஷா வேறு, அதே மாதிரி ஜிமிக்கி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

“பக்கத்து வீட்டு லிஜினுக்குப் பயல் பொறந்தான். நீதான் அப்பன்னு காட்ட அவனுக்கு எந்தச் சவமாவது புஸ்தகம் குடுத்தானா? பரீட்சை வச்சானா?” என்று ஷெர்லியிடம் கேட்டான்.

“புஸ்தகத்துக்க கிட்ட போயி வழக்குப் பேசுதிய. சவத்தத் தள்ளுங்க,” என்றாள் ஷெர்லி. இதயம் கிடைத்தவளுக்கு அப்படிப் பேச என்ன கஷ்டம் என்று ஜான்ரோஸ் நினைத்தான்.

மறுநாளே தக்கலைக்கு பஸ் ஏறினான். பட்டுக்கடை மாடியில் தட்டச்சு செய்கிற ஜின்சி இருந்தாள்.

“புஸ்தகத்துல அப்பா இல்ல,” என்றான்.

ஜின்சி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். “உண்டே அண்ணா. ‘தந்தை இடம்பெற்றுள்ளார்’னு பதிஞ்சிருக்கே.”

“காலு மட்டுந்தான் உண்டு.”

“காலுள்ள ஆளு முழுசாத்தானே இருப்பாரு?” என்று அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. அவளுக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் அப்படித்தான் யோசிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

உள்ளே வாரியத் தலைவர் டாக்டர் பகவதியப்பன் இருந்தார். எதில் டாக்டர் என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இதுவரை வரவில்லை. பக்கத்தில் சென்னையிலிருந்து வந்திருந்த கதைசொல்லல் வல்லுநர் மிருணாளினி மேடம். ஜான்ரோஸ் விஷயத்தைச் சொன்னதும் தலைவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“தம்பி, தகப்பன்னா ஆரு? தூணு. வீட்டுக்கு வாறவன் தூணையா பாப்பான்? எனக்கு மூணு பிள்ளைய. எனக்கச் செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், மூணும் பின்வாசல் வழியா ஓடிரும். எளையவ என்ன படிச்சான்னு அவளுக்கக் கல்யாணப் பத்திரிகையப் பாத்தாக்கும் நான் தெரிஞ்சேன். அப்பிடி ஒதுங்கி நின்னு வளத்தேன். இப்ப மூணும் வெளிநாட்டுல. ஒரு ஃபோன் கெடையாது, ஒரு தொந்தரவு கெடையாது. அதாக்கும் வளப்பு. எனக்க அனுபவத்துலதான் அந்தப் படத்த வரையச் சொன்னேன்.”

“ஆனா சார், ஒரு கேப் இருக்கு,” என்றார் மிருணாளினி மேடம். “ஃபாதர் ஃபிகர் மிஸ்ஸிங்.”

ஜான்ரோஸ் சொன்னபோது அது புலம்பல். மேடம் சொன்னதும் அது கேப். கேப் என்றால் அதை அடைக்க ஆள் போட வேண்டும். ‘தந்தைச் சேர்க்கை உபகுழு’ அங்கேயே பிறந்தது.

உபகுழு கன்னியாகுமரியில் கடலைப் பார்த்த ஒரு விடுதியில் கூடியது. சூரிய உதயம் பார்த்துவிட்டு அப்பாவின் உயரத்தைப் பற்றி விவாதித்தது. மீசைக்கு ஒரு தனி அமர்வு. மீசை வைத்தால் ஆணாதிக்கம் என்று ஒரு பக்கம், வைக்காவிட்டால் பண்பாடு போய்விடும் என்று ஒரு பக்கம். இருக்கிறதோ இல்லையோ என்று தோன்றும்படி மூக்குக்குக் கீழே லேசாக ஒரு நிழல் விடுவதென்று ஏகமனதாகத் தீர்மானமாகி, எல்லாரும் சூரிய அஸ்தமனம் பார்க்கப் போனார்கள்.

திருத்திய பதிப்பின் வெளியீட்டு விழாவுக்கு மைக் செட் போட்டது ஜான்ரோஸ்தான். வாடகைக்குப் பதில் நன்றியுரையில் பெயர் சொல்வார்கள் என்று ஜின்சி சொல்லியிருந்தாள். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

“பெரியோர்களே! உலகத்தில் இதுவரை பிள்ளைகளுக்கு அப்பா இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார். யார் மறுத்தது? ஆனால் வாரியம் அவரை அங்கீகரித்திருந்ததா? அங்கீகாரம் இல்லாத அப்பா இருந்தென்ன, இல்லாமல் போயென்ன? இன்று காலை பத்தரை மணி முதல் இந்த மாவட்டத்தில் அப்பா உண்டு!”

கைதட்டினார்கள். முதல் பிரதியை ஒரு குழந்தைக்குக் கொடுக்க வேண்டும் என்று பார்த்தால் அரங்கத்தில் குழந்தை இல்லை. அழைப்பிதழ் போகாத துறை கிடையாது, குழந்தைகளை மட்டும் மறந்திருந்தார்கள். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்த பெபிஷாவைத் தூக்கி மேடையில் நிறுத்திப் புத்தகத்தைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். பெபிஷா அங்கேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டினாள். பதினான்காம் பக்கத்தில் நின்றாள்.

அங்கே அப்பா இருந்தார். முழுசாக இருந்தார். வெள்ளைச் சட்டை, நீல டை, கண்ணாடி. இடது கையில் லேப்டாப். வலது கையால் மட்டும் பிள்ளையைத் தூக்கி ஆகாயத்தில் எறிந்துகொண்டிருந்தார். பெபிஷா வாயைத் திறந்தபடி பார்த்தாள். பார்த்துவிட்டு அந்தப் படத்துக்கு ஒரு முத்தம் கொடுத்தாள்.

ஜான்ரோஸ் அப்போது கையை எங்கே வைத்தானோ தெரியாது, அரங்கமே காதைப் பொத்திக்கொள்கிற மாதிரி மைக் கூவியது.

முன்னாவது காலோடு போயிற்று. இனி ஒரு முழு ஆளோடு போட்டி. போட்டியென்றால் ஒதுங்கி நிற்க ஜான்ரோஸுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போனதும் பெபிஷாவை ஒரு கையால் தூக்கிப் பார்த்தான். முதுகில் எங்கோ ‘கடக்’ என்றது. ஷெர்லி தைலம் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பும் அவனுக்கு ஆகவில்லை. நாகர்கோவிலுக்குப் போய் நீல டை ஒன்று வாங்கினான். கட்டத் தெரியாமல் செல்ஃபோனில் பார்த்துப் பார்த்துக் கட்டினான். சபையின் அசன விருந்துக்குத் தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்ட அதோடேயே ஏறினான். கயிற்றோடு டையும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு, மரத்தோடு மரமாக நெஞ்சு ஒட்டி நின்றான்.

“எலே ஜான்ரோசு, இன்சூரன்சுல ஏஜண்டா சேந்தியா?” என்று கீழேயிருந்து கேட்டார்கள்.

அவனுக்கு அவர்கள் கேலி ஒரு பொருட்டில்லை. இறங்கி வந்து பெபிஷா முன்னால் நின்றான். அவள் ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்த்தாள்.

“அப்பா, இது வேண்டாம். இது புஸ்தகத்து அப்பாக்க டை. கழத்துங்க.”

பெரிய இடத்துச் சாமானை உடுத்தப் பார்த்தவனைத் திட்டுகிற மாதிரி அவனுக்குக் கேட்டது. கழற்றிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டான். அவனுக்கு அழுகை வந்தது, மரம் ஏறின களைப்பு என்று சொல்லிச் சமாளித்தான்.

அடுத்தது வீட்டு ஆய்வு. மிருணாளினி மேடம் வந்தார். ஜான்ரோஸ் வாசலுக்கு ஓடிப்போய், “மக்களே, பாத்து வாருங்க, படி வழுக்கும்,” என்றான்.

மேடம் படியிலேயே நின்றுவிட்டார். அவரை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை.

மாவட்டத்தின் மேற்கே ‘மக்களே’ என்பது எல்லாரையும் கூப்பிடுகிற வார்த்தை. பெற்ற பிள்ளையும் மக்களேதான், கட்டின பெண்டாட்டியும் மக்களேதான், கடன் கேட்டு வந்தவனும் அழுதால் மக்களேதான். அன்றைக்குப் பார்த்து ஜான்ரோஸ் வாய்க்கு ஓய்வே கொடுக்கவில்லை. “மக்களே, காப்பி எடு,” என்று ஷெர்லியிடம் சொன்னான். மின்சார மீட்டர் பார்க்க வந்தவரிடம், “மக்களே, நாய் கடிக்காது, வாரும்,” என்றான். நாயிடம், “மக்களே ஜிம்மி, சும்மா கெட,” என்றான். மேடம் ஒவ்வொன்றுக்கும் தலையைக் குனிந்து எழுதினார்.

அறிக்கை வந்தது. ‘வளர்ப்புத் தந்தை உறவுமுறைகளில் தெளிவற்றவர். மனைவி, மின்வாரிய ஊழியர், நாய், ஆய்வு அலுவலர் ஆகியோரைத் தம் மக்கள் என்று கருதுகிறார். இச்சூழலில் குழந்தை தன் தனியிடத்தை உணர வாய்ப்பில்லை.’

ஜான்ரோஸை வாரியத்துக்கு வரச் சொல்லி ஆள் விட்டார்கள். தலைவர் விளக்கினார். “தம்பி, மகள்னு உத்தரவு வாறதுக்கு மின்ன நீ மக்களேன்னு கூப்பிட்டா அது உத்தரவ முந்துனதுல்லா? கேஸ் கெட்டுப்போவும். சான்று கிட்டுத வரைக்கும் அந்த வார்த்தைய அந்தப் பிள்ளைட்ட மட்டும் சொல்லப்பிடாது. வாரியத்துக்கச் சொல்லு ஒண்ணு உண்டு. ‘ஏற்புக் குழந்தாய்’. அப்பிடிக் கூப்பிடு.”

“மத்தவங்கள?”

“மத்தவங்கள என்னவும் கூப்பிடு. அது எனக்க வாரியத்துல வராது.”

பிள்ளை திரும்பிப் போய்விடுமோ என்ற பயத்தில் ஜான்ரோஸ் அப்படியே கீழ்ப்படிந்தான். அன்றைக்குச் சாயங்காலம் நாக்கைச் சரி பண்ணிக்கொண்டு, “ஏற்புக் குழந்தாய், சோறு தின்ன வா,” என்றான்.

பெபிஷா முதலில் சிரித்தாள். அடுத்த நாளும் அப்படியே கூப்பிட்டபோது சிரிக்கவில்லை. அதற்கப்புறம் கூப்பிட்டால் வராமல் இருந்தாள். கூப்பிட வாய் கூசி ஜான்ரோஸும் பேர் சொல்லாமல், ஒன்றும் சொல்லாமல், கையைத் தட்டிக் கூப்பிடத் தொடங்கினான்.

அப்புறம்தான் அவன் பொறாமை முழு உயரத்துக்கு எழுந்தது. வாசலில் மீன்காரி விக்டோரியா தலையிலிருந்த மீன் சருவத்தை இறக்கி, “மக்களே, அம்மையக் கூப்பிடு, நல்ல சாளை உண்டு,” என்று பெபிஷாவிடம் சொன்னாள். பஸ் கண்டக்டர், “மக்களே, கம்பியப் பிடி,” என்றார். லிஜின் மதில் மேலிருந்து, “மக்களே, மாங்கா வேணுமா?” என்றான். ஊரில் போகிறவன் வருகிறவனெல்லாம், பெயர்கூடத் தெரியாதவனெல்லாம், அவளை வாய் நிறைய மக்களே என்று கூப்பிட்டுவிட்டுப் போனான். அவனுக்கு மட்டும் கூடாது. விக்டோரியாவிடம் அவன் சாளை வாங்குவதை நிறுத்தினான். கண்டக்டரோடு சில்லறைக்குச் சண்டை பிடித்தான். லிஜினின் மாமரம் பட்டுப்போக வேண்டும் என்று நினைத்து, அது பாவம் என்று தோன்றி, ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்டான். திங்கட்கிழமை மறுபடி நினைத்தான்.

தெளிவுத் தேர்வு வந்தது. பட்டுக்கடை மாடியில் நீள மேஜை, மேஜை மேல் பச்சைத் துணி. நடுவில் தலைவர், பக்கத்தில் மேடம், ஓரத்தில் கம்ப்யூட்டரோடு ஜின்சி. எதிரே ஒரு முக்காலியில் பெபிஷா, ஜிமிக்கி ஆடிக்கொண்டிருந்தது. பெற்றோர் சுவர் ஓரமாக நிற்க வேண்டும், சைகை காட்டக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஷெர்லி அவன் கையைப் பிடித்திருந்தாள்.

“குழந்தாய், நீ யார் வயிற்றிலிருந்து வந்தாய்?” என்று தலைவர் தேர்வுத் தமிழில் கேட்டார்.

“வயித்தம்மாக்க வயித்துலருந்து.”

“சரி. யார் இதயத்தில் வளர்ந்தாய்?”

“எனக்க அம்மைக்க இதயத்துல. கட்டில் உண்டு.”

“கட்டில் பாடத்தில் இல்லை. ஆனாலும் சரி. இப்போது உன் அப்பாவைக் காட்டு.”

புத்தகத்தை அவள் மடியில் வைத்தார்கள். பதினான்காம் பக்கத்தைக் காட்டினால் பிள்ளை தங்கும். அந்த டைக்காரனைக் காட்ட வேண்டும். காட்டட்டும் என்று ஜான்ரோஸ் வேண்டினான். காட்டிவிடக் கூடாது என்றும் உள்ளே ஒன்று வேண்டியது.

பெபிஷா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். பதினான்காம் பக்கம் வந்தது, போனது. புத்தகத்தை மூடினாள்.

“இதுல இல்ல.”

தலைவர் எழுந்துவிட்டார். “இல்லையா? உபகுழு போட்டு, விழா எடுத்து... இது யார்?” என்று பக்கத்தைத் திறந்து டைக்காரரின் முகத்தில் விரலை வைத்தார்.

“அது புஸ்தகத்து அப்பா.”

“உன் அப்பா?”

“அன்னா நிக்காவ,” என்று பெபிஷா சுவரோரம் நின்ற ஜான்ரோஸை மோவாயால் காட்டினாள்.

“அது பதிலில்லை! பதில் பதினான்காம் பக்கம்! சுவர் ஓரத்தில் நிற்கிறவரைப் பற்றி யார் கேட்டது?” தலைவர் ஜின்சி பக்கம் திரும்பினார். “தெளிவு இல்லைன்னு போடு.”

ஷெர்லியின் கை நழுவியது. மிருணாளினி மேடத்துக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். வந்த சில மாசத்தில் அந்த ஊர்க் காற்று அவர் நாக்கிலும் ஏறியிருந்தது. குனிந்து பெபிஷாவின் தோளைத் தொட்டு, “மக்களே, இன்னொரு வாட்டி நல்லாப் பாத்துச் சொல்லு,” என்றார்.

பெபிஷா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“நீங்க அப்பிடிக் கூப்பிடப்பிடாது!”

“ஏன்மா?”

“எனக்க அப்பாதான் கூப்பிடணும்.” முகம் சிவந்து முக்காலியிலிருந்து குதித்தாள். நேரே சுவரோரம் வந்து ஜான்ரோஸின் முன்னால் நின்றாள். “நீங்க எதுக்கு என்னைய கூப்பிடல்ல? அம்மைய மக்களேன்னு கூப்பிடுதிய. கரண்டுக்காரர கூப்பிடுதிய. ஜிம்மியக் கூப்பிடுதிய. ஜிம்மி கடிக்கும், அதக்கூட மக்களேன்னு கூப்பிடுதிய. என்னைய மட்டும் கை தட்டுதிய. நான் ஜிம்மியக் கல்லெடுத்து எறிஞ்சேன். இனியும் எறிவேன்.”

நாய் ஒரு வாரமாக நொண்டுவது ஏன் என்று ஜான்ரோஸுக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாள் அவன் விக்டோரியாவையும் கண்டக்டரையும் பார்த்து வெந்துகொண்டிருக்க, வீட்டுக்குள் ஒரு பிள்ளை நாயைப் பார்த்து வெந்திருக்கிறது. வாரியம், கேஸ், உத்தரவு எல்லாம் மறந்து அவன் மண்டியிட்டுவிட்டான்.

“மக்களே,” என்றான். “எனக்க மக்களே. தப்பாயிட்டு மக்களே.” பெபிஷா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தோளுக்கு மேலாக மேடத்தை முறைத்தாள்.

தலைவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். “விதி மீறல். அதையும் போடு. பெறகு எழுது,” என்று ஜின்சிக்குச் சொன்னார். “குழந்தைக்குக் கடும் பொறாமைக் குணம். அது வந்தது தகப்பன் வழி.”

ஜின்சியின் விரல் நின்றது. “தகப்பன் வழியா சார்?”

“பின்ன? ஒரு சோடி ஷூவப் பாத்துப் பொறாமப்பட்டு மாடியேறி வந்த ஆளுல்லா அவன். பிள்ளைக்கு வேற எங்கேருந்து வரும்? அப்பிடியே அச்சு. ரெத்தத்துல உள்ளது எங்க போவும்?”

“சார், இது தத்து...” என்று மேடம் மெதுவாக ஆரம்பித்தார்.

“மேடம், முப்பது வருஷம் ஃபைல் பாத்தவனாக்கும் நான். டைப் அடி ஜின்சி. பரம்பரைக் குணம், தகப்பன் வழி.”

ஜின்சி அடித்தாள். அடித்ததை வாசித்துக் காட்டினாள். கேட்டுக்கொண்டிருந்த தலைவருக்கே அதில் ஏதோ கோணலாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் தான் சொன்னதைத் தானே மாற்றுவது வாரியத்தில் வழக்கமில்லை. பரம்பரை என்று போட்டுவிட்டுப் பொருத்தமின்மை என்றும் போட்டால் மேலே உள்ளவர்கள் சிரிப்பார்கள். ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டுத் திறந்தார்.

“உறவு தெளிவு. சான்று வழங்கலாம். இது நம்ம புஸ்தகத்துக்க வெற்றின்னு கடைசியில ஒரு வரி சேரு.”

ஜான்ரோஸ் பிள்ளையோடு எழுந்தான். பரம்பரைக் குணம், தகப்பன் வழி. மேகத்துக்காரிக்கு அப்படி எவனும் எழுதிக் கொடுக்கவில்லை. டைக்காரனுக்கும் இல்லை. அவன் சந்தோஷத்தில் தலைவரைப் பார்த்து, “ரொம்ப நன்றி மக்களே,” என்று சொல்லிவிட்டான்.

ஷெர்லி மட்டும் அசையவில்லை. சுவரோரத்திலேயே நின்றாள்.

“சார்,” என்றாள். “எனக்க வழியா ஒண்ணும் வரல்லியா?”

“என்னது?”

“பிள்ளைக்கு. அவருக்க வழியா ஒரு குணம் வந்துட்டு. நான் எண்ணெ தேய்ச்சு, சோறு குடுத்து, காய்ச்சலுக்குக் கண்ணு முழிச்சு வளத்தேன். எனக்கு ஒண்ணுமில்லியா?”

“ஒங்களுக்குத்தான் இதயம் உண்டேம்மா, ரெண்டாம் பக்கத்துல.”

“படம் வேண்டாம் சார். எழுதணும்.”

“நேரமாச்சும்மா. அடுத்த கேஸ் நிக்கி.”

“நிக்கட்டு. எழுதாம நான் இறங்க மாட்டேன்,” என்று ஷெர்லி அந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

தலைவர் அவளைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பட்டுக்கடையிலிருந்து மேலேறி வரும் படிக்கட்டில் அடுத்த கேஸின் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. “பிடிவாதம், தாய் வழி. போதுமா? அடி ஜின்சி,” என்றார்.

ஷெர்லி எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, ராணி மாதிரி படியிறங்கினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் இறங்கிய ஜான்ரோஸுக்கு வயிறு லேசாக எரியத் தொடங்கியது. பிடிவாதமும் தன் வழியாக வந்ததுதான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.